கழுகுக்குக் கீழே இருந்த எழுத்து

துணிப்பையோடு ஜங்லிகாட் பஜாரை விட்டு நடந்துகொண்டிருந்தேன். காதர் பாய் கடையில் அரிசி மூட்டை தூக்கி அலுத்துப்போயிற்று. எந்த வேலையிலும் நான் அதிக நாள் தங்கியதில்லை. சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன். ஆனாலும் பாய் சைக்கிளில் வந்து வழிமறித்தார்.

"பையைக் காட்டுப்பா. என் ஜெர்மன் காசைக் காணோம்."

பாய் வெளிநாட்டுக் காசு சேர்ப்பவர். என் பையிலும் ஒரு ஜெர்மன் வெள்ளிக் காசு இருந்தது. மெட்ராஸ் ஹார்பரில் ஒரு கப்பல் சமையல்காரர் கொடுத்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? பாய் ஒருமுறை காட்டிய காசில் இருந்த அதே கழுகு, அதே வருஷம். பாய் பையைத் துழாவி அதை வெளியே எடுத்தார்.

"போலீஸ் தாணாவுக்குப் போவோமா, கடைக்கா?"

"கடைக்கே போவோம் பாய்."

கடையில் தடித்த ஜெர்மன் காசுப் புத்தகத்தை விரித்தார். அந்த மொழி அவருக்கும் தெரியாது. படத்தையும் எழுத்தையும் வைத்துத்தான் பார்ப்பார். காசு அடித்த ஊருக்கு ஓர் எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரி. காணாமல் போன தன் காசுக்கு நேரே முன்பே பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். அது 'ஏ' வரியில் இருந்தது. பிறகு என் காசை லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

"இதுல கழுகுக்குக் கீழ ஜே இருக்கு. ஹாம்பர்க்ல அடிச்சது. என்னோடது ஏ போட்ட பெர்லின் காசு. மாஃப் கரோ தம்பி, அவசரப்பட்டுட்டேன்." உடனே முகம் சுளித்தார். "அரே, இதைப் புளி போட்டுத் தேய்ச்சியா? நல்ல காசைக் கெடுத்துட்டியே."

சிரித்துவிட்டேன். பட்டினியை விட்டு நடந்திருக்கிறேன், அடியை விட்டு நடந்திருக்கிறேன். திருடன் என்ற பெயரை மட்டும் அப்படி விட்டு நடக்க முடியாது; போகிற இடமெல்லாம் கூடவே வந்திருக்கும்.

மறுநாள் காலை பாராடாங் பக்கம் ரோடு போடும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மேஸ்திரி பெயர் கேட்டார். ஒளிக்க ஒன்றும் இல்லை; என் சொந்தப் பெயரையே சொல்லிவிட்டு மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன்.