குடியை விட்ட மூன்றாம் நாள்

ரேவதியின் கணவன் தீர்த்தகிரி ஓசூரில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை பார்த்தான். பத்து வருடமாகக் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் அவனுக்குக் கைநடுக்கம் நிற்கும். மகள் வயதுக்கு வந்த வருடம், அவனாகவே குடியை விடத் துணிந்தான்.

"என்னை ரூம்ல வச்சுப் பூட்டிடு ரேவதி. எவ்ளோ கெஞ்சினாலும் தொறக்காத."

அவளும் பூட்டினாள். ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தாள். மூன்றாம் நாள் பகலில் அவன் கதவை இடித்துக் கத்தினான்.

"சானமாவு காட்டு யானைங்க ரூம் உள்ள வந்துடுச்சு, தொற!"

குடிக்கப் போவதற்கு நாடகம் போடுகிறான் என்று நினைத்தாள். "நாளைக்குச் சரியாயிடும், பொறுத்துக்கங்க" என்று வெளியே உட்கார்ந்து அழுதாள். சத்தம் நின்றதும், தூங்கிவிட்டான் என்று நிம்மதியானாள். திறந்து பார்த்தபோது வலிப்பு வந்து உயிர் போயிருந்தது.

"ரொம்ப வருஷமா குடிச்சவங்க திடீர்னு நிறுத்துனா இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பும் வரலாம்மா. ஆஸ்பத்திரியில சேர்த்து, மருந்து குடுத்துதான் நிறுத்தணும்" என்றார் டாக்டர்.

இப்போது யாராவது குடியை விடப்போவதாகக் கேள்விப்பட்டால் ரேவதி அந்த வீட்டுக்கே போய்ச் சொல்கிறாள். போன மாதம் பக்கத்துத் தெரு பூவம்மாளின் மகன் மாதேஷை அவள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ஒன்பதாம் நாள் அவன் நடந்தே வெளியே வந்தான்.

"உன்னாலதான் பொழச்சான் கண்ணு" என்று பூவம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்க்கா" என்றாள் ரேவதி.