பிஸ்கட் டின்னில் வந்த படம்

எங்கள் லயத்தில் படம் பார்ப்பதென்றால் முதலில் பஸ் பார்க்க வேண்டும். தெரணியகலைக்கும் மேலே, ரப்பர் மலையும் தேயிலை மலையும் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் இருந்தது எங்கள் தோட்டமும், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயமும். படம் வாடகைக்குக் கொடுக்கிற கடையோ கீழே அவிசாவளையில். நடுவில் கிடக்கிற வளைவுகளை எண்ணி முடித்தவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. பாதியிலேயே வாந்தி வந்துவிடும்.

ஆகவே நாங்கள் படத்தைத் தேடிப் போவதில்லை, படம்தான் எங்களைத் தேடி வரும். காலையில் கீழே இறங்குகிற முதல் பஸ்ஸின் கண்டக்டரிடம் மாமா என்ன படம் வேண்டுமென்று சொல்லி அனுப்புவார். கண்டக்டர் கடையில் வாங்கி, பழைய பத்திரிகையில் சுற்றி, டிரைவர் தலைக்கு மேலே செருகி, பின்னேரம் கொண்டு வருவார். மறுநாள் காலை அதே பஸ்ஸில் படம் திரும்பிப் போய்விட வேண்டும். கண்டக்டர் சிங்கள ஆள். பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவர் 'அய்யே'தான்; சிங்களத்தில் அண்ணன். சந்தியில் பஸ் நின்றதும், "இந்தா, ஒங்க தியேட்டர் வந்திருக்கி!" என்று ஜன்னல் வழியாக நீட்டுவார்.

தியேட்டர் என்று அவர் சொன்னது எங்கள் வீட்டை. மாமா அம்மாவுடைய தம்பி. கொழும்பில் ஒரு கடையில் நின்றுவிட்டு வந்தபோது பெட்டியில் துணிமணியைவிடப் பெரிதாக, படம் போடுகிற டெக் ஒன்று கொண்டு வந்தார். டிவி எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது.

பிரச்சினை என்னவென்றால், கேட்ட படம் ஒருநாளும் வந்ததில்லை. ரேடியோவில் பாட்டுப் போட்டே எங்கள் வாயில் ஊற வைத்த ஒரு புதுப்படம் இருந்தது. கடையில் அது ஒரே ஒரு பிரதிதான். அவிசாவளைக்காரர்கள் பார்த்து, அவர்களுடைய சொந்தக்காரர்கள் பார்த்து முடியும்வரை அது மலை ஏறாது. பதிலுக்கு எங்களுக்கு வந்தவை, கடையில் யாரும் சீண்டாத படங்கள். அப்போது ஒரு படம் இரண்டு சீடித் தட்டுகளாக வரும். ஒரு தடவை முதல் தட்டு ஒரு படமும் இரண்டாம் தட்டு வேறு படமுமாக வந்து சேர்ந்தது. முதல் பாதியில் தாலி கட்டிக்கொண்டவள் இரண்டாம் பாதியில் காணாமலே போனாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று லயத்துப் பெண்கள் கொழுந்து மலையில் ஒரு வாரம் பேசிக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாயில் சொலவடை இல்லாமல் எச்சில்கூட ஊறாது. "கேட்டது புட்டு, வந்தது புளிச்ச மாவு" என்றாள். "ஏன்டா தம்பி, ஒன் டெக்குக்கு புதுப்படம் செரிக்காதா? பழசத்தான் திங்குமோ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமாவுக்குக் காது சிவந்துவிட்டது. நத்தார் என்று நாங்கள் சொல்கிற கிறிஸ்மஸ் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

"நத்தாருக்குள்ள அந்தப் படத்த இதே வீட்டுல போட்டுக் காட்டாட்டி நான் எம்பேர மாத்திக்கிறேன், பாருங்க!"

"பேர மாத்தி என்னாத்துக்கு? கடைய மாத்து."

மாமா கோபத்தோடு அவிசாவளைக்கே இறங்கிப் போனார். போன கதையை வந்து நடித்தே காட்டினார். கடைக்காரர் முஸ்லிம் மனுசன், நிதானமானவர். மாமா கத்தி முடிக்கும்வரை தட்டுகளைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாராம். பிறகு, "சட்டியில இருந்தாத்தானே தம்பி அகப்பையில வரும்? நீங்க ஒங்க பஸ்ஸையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. படம் திரும்பி வாற நேரம் ஒங்க பஸ் போயிருது" என்றாராம்.

அங்கேதான் மாமா புது ஏற்பாடு செய்தார். இனிமேல் எங்கள் அய்யேயின் பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். படம் கைக்கு வந்த உடனே, மேலே வருகிற எந்த பஸ்ஸிலாவது போட்டுவிட வேண்டும். தட்டு உடையாமல் நல்லாகக் கட்ட வேண்டும். வேறு யாரும் எடுத்துக்கொள்ளாதபடி பெயரைத் தமிழில் பெரிதாக எழுத வேண்டும். டெக்கையும் டிவியையும் இணைக்கிற வயர் தேய்ந்துவிட்டது, அதிலும் ஒன்று வைத்துவிட்டால் புண்ணியம். போட்டதும் போன் பண்ணச் சொல்லிவிட்டு மாமா வெற்றியோடு வந்தார். எங்கள் லயத்தில் பெரிய கல்லின் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் பிடிக்கும் என்பதை மட்டும் அவர் சொல்ல மறந்துவிட்டார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரத்தோடு சந்தோசமும் சேர்ந்துகொண்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும்போல.

அது யுத்தக் காலம். யுத்தம் எங்கள் பக்கத்தில் நடக்கவில்லை. ஆனால் அதன் செய்தி பஸ் ஏறி வந்துவிடும். எங்கேயோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது என்று ரேடியோ சொல்லும். அடுத்த நாள் எங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாரும் உட்காருவதற்கு முன் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள். பிறகு எங்களைப் பார்ப்பார்கள். "பஸ்ஸுல வாய மடியில வச்சுக்கிட்டு உக்காரணும்" என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். சிங்களம் தண்ணீர்போலப் பேசுவார். வீட்டில் எங்களோடு மட்டும் மறந்தும் பேச மாட்டார்.

நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை அப்பா ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, நல்ல சட்டையைப் போட்டார். பலகாரத்துக்கு மாவும் சீனியும் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு சந்திக்கு இறங்கினார். சந்தியில் மணல் மூட்டை அடுக்கிய காவல் சாவடி ஒன்று உண்டு. அங்கே வழக்கமாக நின்ற ஆட்களுக்கு அப்பாவைத் தெரியும். அந்த வாரம் ஆள் மாறியிருந்தது.

நாங்கள் கடைக்குள் நுழைவதற்குள் கீழேயிருந்து ஒரு பஸ் வந்தது. அய்யேயின் பஸ் இல்லை. அது நிற்கிற இடத்துக்கு வருவதற்கு முன்பே கோணலாக நின்றது. இரண்டு கதவு வழியாகவும் ஆட்கள் கொட்டினார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் குதித்தாள். ஒருவருடைய செருப்பு படியிலேயே கிடந்தது. பஸ்ஸுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று நினைத்து நான் சிரித்தேன்.

கண்டக்டர் ரோட்டில் நின்று கத்தினார்: "மேக்க காகெத? மேக்க காகெத?" இது யாருடையது என்று கேட்கிறார்.

முன்கதவுக்கு நேரே, எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் அது இருந்தது. ஒரு சதுரமான பிஸ்கட் டின். கறுப்பு டேப்பால் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தது. மூடியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வயர் நுனி எட்டிப் பார்த்தது. அதற்கு மேலே ஒட்டிய வெள்ளைக் காகிதத்தில் பெரிய பெரிய தமிழ் எழுத்து. நான் நாலாம் வகுப்பு. எழுத்தைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. மாமாவின் பெயர்! நம்முடைய தோட்டத்தின் பெயர்!

"அப்பா, அது நம்ம..." என்றேன். மேலே சொல்ல முடியவில்லை. அப்பாவின் கை என் வாயை மூடியது. என்னதான் சோப்புப் போட்டாலும் போகாத ரப்பர் பால் வாடை மூக்கில் ஏறியது. பக்கத்தில் நின்ற ஒருவர் இன்னொருவரிடம், "தெமள அகுரு" என்றார். தமிழ் எழுத்து என்று எனக்கு விளங்கிற்று. நம் எழுத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்பா குனிந்து என் காதுக்குள், "யமு துவே, யமு" என்றார். வா மகளே, போவோம். அப்பா என்னோடு சிங்களம் பேசிய முதல் நாள் அது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. டின்னைக் கண்டு இல்லை. என் அப்பாவின் வாயிலிருந்து வேறு ஒருவர் பேசுகிற மாதிரி இருந்தது.

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்துப் பாதைக்குத் திரும்பினார். ஓடவில்லை. ஓடக்கூடாது என்று நடக்கிற நடை அது. எனக்குத்தான் ஓட்டமாக இருந்தது. மதகடியில் வந்ததும் சட்டென்று நின்றார். திரும்பிச் சந்தியைப் பார்த்தார், மேலே லயத்தைப் பார்த்தார். மாமாவின் பெயர் அந்தக் காகிதத்தில் எழுதிக் கிடக்கிறது; அதை வாசிக்க ஒருவர் வந்துவிட்டால் நேரே லயத்துக்குத்தான் வருவார்கள். இதெல்லாம் நான் பிறகு யோசித்தது. அன்று எனக்குக் கேட்டதெல்லாம், "ஜேசுவே" என்று அப்பா விட்ட மூச்சுத்தான்.

மதகடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சிங்களப் பெண், எங்கள் வாயில் நோனா, பலகை போட்டு மூடிக்கொண்டிருந்தாள். அப்பா என்னை அவளிடம் தள்ளி ஏதோ சொன்னார். அவள் என்னை உள்ளே இழுத்து, பலகையைச் சாத்தினாள். அப்பா வந்த வழியே திரும்பி நடந்தார்.

பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். வெறிச்சென்று கிடந்த ரோட்டின் நடுவில், பூசையில் ஃபாதர் கையை விரிப்பதுபோல, அப்பா இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு போனார். சாவடிக்காரர்கள் நில் என்று கத்தினார்கள். சட்டையைத் தூக்கச் சொன்னார்கள், சுற்றித் திரும்பச் சொன்னார்கள், முழங்கால் போடச் சொன்னார்கள். நல்ல சட்டையோடு அப்பா தார் ரோட்டில் முழங்கால் போட்டார்.

"மேக்க அபே, சேர். சினிமா... சினிமா, சேர்." இது எங்களுடையது, சினிமா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒருவர் பஸ்ஸைக் காட்டிக் கையை ஆட்டினார். உன்னுடையது என்றால் நீயே திற.

எல்லாரும் பின்னுக்குப் போனார்கள். கூட்டம் மதகுவரை வந்துவிட்டது. அப்பா மட்டும் பஸ்ஸுக்குள் ஏறினார். நோனா என் கண்ணைப் பொத்தினாள். அவளுடைய கை பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. வாய்க்குள் "புது சரணை, புது சரணை" என்று புத்தரை வேண்டி முணுமுணுத்தாள். அவளுடைய விரல் இடுக்கால் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திறந்து கிடந்த முன்கதவு வழியாக, அப்பா டின் முன்னால் குந்துவது தெரிந்தது. டேப்பைப் பிடித்து மெல்ல மெல்ல உரித்தார். எனக்குக் கோபம் வந்தது. எவ்வளவு இறுகின மூடியையும் பால்வெட்டுக் கத்தி முனையால் ஒரே நெம்பில் தூக்குகிற அப்பாவுக்கு இன்றைக்கு என்ன வந்தது? வயர் வரும் என்றோ, கடைக்காரர் டின்னில் போட்டு அனுப்புவார் என்றோ மாமா அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் மைத்துனன் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

மூடி கழன்றது. நோனாவின் விரல்கள் என் கன்னத்தை இறுக்கின.

ஒன்றும் ஆகவில்லை. அப்பா சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு வயரை மாலைபோலத் தூக்கிக் காட்டினார். பிறகு இரண்டு தட்டுகள். வெயிலில் அவை மின்னின. சாவடிக்காரர் ஒருவர் கிட்ட வந்து வாங்கி, அதில் ஒட்டியிருந்த கதாநாயகியின் படத்தைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். பஸ்ஸில் வந்தவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

சிரித்த பிறகும் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நோனா என்னைத் தூக்கிக்கொண்டு லயம்வரை ஏறினாள். விசயம் கேட்டதும் மாமா கோயிலுக்கு ஓடிப்போய் ஃபாதரைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். சந்தியில் அய்யே, பஸ்ஸை டிரைவரிடம் விட்டுவிட்டு, "நானும் வாறது. அந்தப் பார்சல் நான் எத்தன தரம் கொண்டாந்தது" என்று அவர்களோடு பொலிஸ் ஸ்டேசனுக்குப் போனார். கடைக்காரர் டின்னை ஒப்படைத்த கண்டக்டர் தெரணியகலையில் இறங்கிவிட்டாராம். மாறி ஏறியவரிடம் சொல்ல மறந்துவிட்டாராம். இது அங்கே போய்த்தான் தெரிந்தது.

பொழுது சாய்வதற்குள் அப்பா வந்துவிட்டார். கக்கத்தில் அந்த டின். லயமே வாசலில் நின்றது. எதற்கும் ஒரு சொலவடை வைத்திருக்கிற பெரியம்மா அன்று சிலுவை மட்டும் போட்டுக்கொண்டாள். மாமா அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "மச்சான்..." என்றார்.

அப்பா டின்னை அவரிடம் நீட்டினார். "வந்த படத்தப் போடு. நாளைக்கு மொத பஸ்ஸுல அனுப்பணும்."

போட்டார்கள். கேட்ட படமேதான், இரண்டு தட்டும் சரியாக. வயரும் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் பாட்டுக்கு யாரும் விசில் அடிக்கவில்லை, வில்லனை யாரும் திட்டவில்லை. படம் பார்க்கிறார்களா, செபம் சொல்கிறார்களா என்று தெரியாதபடி உட்கார்ந்திருந்தார்கள்.

ரேடியோவில் கேட்ட பாட்டு வந்தபோது அப்பாவுக்குக் காட்டலாம் என்று தேடினேன். கூட்டத்தில் அவர் இல்லை. குசினிக்குள் போனேன். அடுப்பு வெளிச்சத்தில் அப்பா கால் மடக்கி உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டையும் மடியில் சேர்த்துப் பிடித்திருந்தார். அம்மா சோற்றைப் பிசைந்து உருட்டி அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். தட்டைச் சுற்றித் தரையெல்லாம் சோறு சிந்திக் கிடந்தது.

இவ்வளவு பெரிய ஆளுக்கு ஊட்டுகிறார்களே, எனக்கு ஊட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்களே என்று எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கும்" என்று போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். அம்மா எனக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய் என்று மாறி மாறி ஊட்டினாள். அன்றைக்கு அப்பாவோடு போட்டிபோட்டு, அவரைவிட ஒரு வாய் கூடுதலாக வாங்கிவிட வேண்டுமென்று நான் அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தேன்.