ஊதாத் தண்டுப் புல்

மெர்வின் அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். மரியாதையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் தீவனப்பயிர் பண்ணையில் நான் எழுத்தர், அவர் களப்பணியாளர். கொழுக்கட்டைப்புல் என்றால் மாடு தின்கிற ஒரு புல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரிடம் அதில் நாற்பத்திரண்டு வகை இருந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரிலிருந்து வந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. பின்னால் யாராவது நல்ல ரகம் உருவாக்க வேண்டுமென்றால் இவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். முப்பத்தொன்றாம் வரிசையை மட்டும் அவரே பேரையூர்ப் பக்கம் ஒரு கரட்டில் கண்டெடுத்துக் கொண்டுவந்தார். அதன் அடித்தண்டு ஊதாவாக இருக்கும். அந்தக் கரட்டைக் கல்குவாரிக்கு வெட்டிவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்து அந்தப் புல் அதற்குப் பிறகு எங்கள் பண்ணையில் மட்டும்தான்.

இந்தப் புல்லின் விதை ஒரே நாளில் பழுக்காது. இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று பழுக்கும், காற்றடித்தால் கொட்டிப்போகும். மழை முடிந்ததும் இரண்டு மாதம் தினமும் காலையில் கையால் உருவ வேண்டும். கிறிஸ்துமஸும் அந்த நேரத்தில்தான் வரும். அதனால் அவர் எந்தக் கிறிஸ்துமஸுக்கும் எங்கும் போனதில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பண்ணை மூலையில் ஓர் ஓட்டு அறை, ஒரு ரேடியோ, ஒரு ஆள் சோறு.

உறவென்று ஒரே தங்கை, பெர்சி. கீழக்குயில்குடியில் வீடு, பள்ளிக்கூட டீச்சர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். தொண்ணூற்றிரண்டு டிசம்பரில் அண்ணனை அழைத்துப் போக அவரே வந்தார். வரிசைக்குள் இறங்கிப் பின்னாலேயே நடந்து கெஞ்சினார்.

"கிறிஸ்துமஸ் ஒரு நாளைக்காச்சும் வாண்ணே."

"வெதை கொட்டிப் போயிரும் பெர்சி."

சேலையெல்லாம் ஒட்டிய விதையோடு அழுதுகொண்டே பஸ் ஏறினார். அதற்குப் பிறகு ஒரே ஒரு கடிதம்தான் வந்தது.

தொண்ணூற்றொன்பதில் மழை ஏமாற்றி வரிசைகள் காய்ந்தன. சேமித்த விதையை மறுபடி விதைத்தோம். முப்பத்தொன்றாம் வரிசை பச்சைத் தண்டோடு முளைத்தது. ஒரு தூரில்கூட ஊதா இல்லை. முதல் வருஷம் புட்டியில் எடுத்து வைத்த பழைய விதை முளைக்கிறதா என்று ஈரத்துணியில் போட்டுப் பார்த்தோம்; அது செத்துப்போயிருந்தது.

புதிதாக வந்திருந்த விஞ்ஞானி வித்யாஸ்ரீ மேடம் வருகைப் பதிவேட்டைக் கேட்டார். வரிசைக்குள் இறங்குகிற யாரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"வேற ரகம் கலந்திருக்கு. யார் யார் உள்ள போனாங்க?"

பக்கம் பக்கமாகப் புரட்டினார். எட்டு வருஷத்துக்கு ஒரே கையெழுத்து, எஸ். மெர்வின். நடுவில் ஒரே ஒரு இடத்தில் பெர்சி.

மெர்வின் அண்ணன் குனிந்து தன் பேன்ட்டின் கீழ்மடிப்பை விரித்தார். மேஜையில் சொர சொரவென்று விதைகள் உதிர்ந்தன. எந்த வரிசையிலிருந்து எந்த வரிசைக்கோ.

"நான்தான் மேடம் கொண்டுபோய்ச் சேத்திருக்கேன். வேற யாரு அங்கிட்டு நடந்தா?"

மேடம் பதிவேட்டை மூடிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

அன்று மாலை மெர்வின் அண்ணன் என் அறைக்கு அந்தப் பழைய கடிதத்தோடு வந்தார். 'துவைக்கிற கல் பக்கத்துல உன் புல்லு மொளைச்சிருக்குண்ணே. சேலையில வந்ததா இருக்கும். தண்டு ஊதாவா இருக்கு' என்று தொண்ணூற்று மூன்றில் பெர்சி எழுதியிருந்தார். அதற்கு இவர் பதில் போடவில்லை.

மறுநாள் ஞாயிறு. அன்றைய விதையை உருவி முடித்ததும் என் டிவிஎஸ் 50-இல் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். டிசம்பர் பத்தொன்பது. பெர்சி மாவு படிந்த கையோடு வாசலுக்கு ஓடிவந்தார்.

"அண்ணே! கிறிஸ்துமஸுக்கு வந்துட்டியா! முறுக்கு இப்பத்தான் போட்டுக்கிட்டு இருக்கேன், உள்ள வா!"

அண்ணன் கண் துவைகல்லைத் தேடியது. அங்கே இடுப்புயரத்துக்கு ஒரு தூர், அடியெல்லாம் ஊதா. அப்போதுதான் பெர்சி அண்ணன் கையிலிருந்த களைக்கொத்தியையும் ஈரச்சாக்கையும் பார்த்தார். முகம் அப்படியே விழுந்துபோனது. எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

"புல்லுக்கு வந்தியா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. "ஆமா" என்றார்.

பாதித் தூரைப் பெயர்த்துச் சாக்கில் சுற்றினார். மீதியை மண் அணைத்து விட்டார். ஒரே இடத்தில் வைத்தால் ஆபத்து என்பது அவர் தொழில் புத்தி.

பெர்சி களைக்கொத்தியை வாங்கி மீதியையும் வேரோடு பெயர்த்து அவர் கையில் கொடுத்தார். "ஆடு மாடு வாய் வைக்காம ஏழு வருசம் காத்தேன், இதைப் பாக்கவாச்சும் வருவேன்னு. முழுசா எடுத்துட்டுப் போ. இனிமே வந்தா என்னையப் பாக்க வா."

ஒரு டப்பா முறுக்கையும் என் வண்டியில் மாட்டிவிட்டார்.

இப்போது இரண்டாயிரத்து ஆறு. முப்பத்தொன்றாம் வரிசை ஊதாத் தண்டோடு நன்றாக நிற்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் போகுமுன் மெர்வின் அண்ணன் நின்று பேன்ட்டைத் தட்டிக்கொள்கிறார். பதிவேட்டில் அதே ஒற்றைக் கையெழுத்து. முறுக்கு டப்பாவைக் கழுவி ஜன்னலில் வைத்திருக்கிறார், திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். டிசம்பர் வரும்போதெல்லாம் வண்டியை எடுக்கட்டுமா என்று கேட்கிறேன்.

"வெதை முடியட்டும், போவோம்" என்கிறார்.