அமரர் ஊர்திக்குச் சார்ஜ் போட்ட வீடு

மருமகன் வெளிநாடு கிளம்பும்போது தன் காரை என் பொறுப்பில் விட்டுப் போனான். பொறுப்பு என்றால் ஓட்டுவதற்கு இல்லை; நான் ஓட்டுகிற லட்சணம் அவனுக்குத் தெரியும். பானெட்டைத் திறந்து, பேட்டரியில் சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று என இரண்டு கிளிப்பை மாட்டி, உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியைச் சுவர் பிளக்கில் செருகினான். “மாமா, இதக் கழட்டிராதீங்க. ஃபுல்லாச்சுன்னா தானா நின்னுக்கும், இறங்குச்சுன்னா தானா ஏத்திக்கும். நீங்க பாக்கவே வேணாம்” என்றான். பார்க்கவே வேண்டாம் என்று சொன்னால் தினமும் போய்ப் பார்க்கிற ஆள் நான். ஒத்தக்கடைப் பக்கம் இந்த அடுக்குமாடிக்கு வந்த பிறகு எனக்கு வேறு ஜோலியும் இல்லை.

பெட்டி சத்தம் போடுவதில்லை. வாசனையும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சார்ஜ் ஏறுகிற பேட்டரிக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? புளித்த மாதிரி, தொண்டையைக் கமறுகிற மாதிரி. மூடிகளைத் திறந்து வைத்தால் உள்ளே தண்ணீர் பொரிகிற சத்தம் மெல்லக் கேட்கும். அந்த வாசனைக்கு ஒரு வீடும் உண்டு எனக்கு. செல்லூரில் நாங்கள் குடியிருந்த தெருவின் கடைசி வீடு, சந்திரா அக்கா வீடு.

அந்த வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதற்குள் எங்கள் தெரு நலச் சங்கத்தின் அமரர் ஊர்தி நின்றது. பழைய டீசல் வேனை வாங்கி, பக்கவாட்டில் கண்ணாடி வைத்து, நெற்றியில் பெரிதாக எழுதியும் வைத்திருந்தோம். எழுதினோமே தவிர, அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். ‘சங்க வண்டி’ என்பார்கள். நான் அப்போது ஒரு நூல் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சங்கத்துக்கு இணைச் செயலாளர். தலைவரும் செயலாளரும் மேடையில் உட்கார, ஓடியாடுகிற வேலை எல்லாம் இணைக்கு. கல்யாண வயதில் பிணவண்டிக்குப் பொறுப்பாளன் என்றால் பெண் வீட்டார் எப்படி யோசிப்பார்கள் என்று அம்மா தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

ஓடாமல் நிற்கிற வண்டியின் பேட்டரி தானாகவே இறங்கும். அதிலும் நம் ஊர் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கேட்கவே வேண்டாம். டிரைவர் தவமணி அண்ணன் விவரமானவர். வாரத்துக்கு ஒரு தரம் வண்டியை எடுத்து வைகைக் கரை வரை ஒரு சுற்றுப் போய் வருவார். இதில் என்ன தப்பு இருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவைத் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். அந்த எஞ்சின் சத்தம் கேட்ட மாத்திரத்தில் வாசலுக்கு வாசல் தலை நீளும். “யாருப்பா? யாரு வீட்டுல?” என்று கேட்பார்கள். யாருமில்லை, சும்மாதான் எடுத்தோம் என்று சொன்னால் இன்னும் மோசம். சும்மா எடுத்தால் அது ஆள் கேட்கும் என்று ஒரு பேச்சு. படுத்த படுக்கையாக இருந்த ஒரு தாத்தா, வண்டிச் சத்தம் கேட்ட அன்றோடு கஞ்சியைத் தள்ளிவிட்டார். அவர் மகன் சங்கத்தில் வந்து சட்டையைப் பிடிக்காத குறை. கூட்டம் போட்டு முடிவு செய்தோம்: சாவு விழாமல் சங்க வண்டியை யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. தவமணி அண்ணன் மட்டும், “அப்ப ஒருநா நட்டாத்துல விட்ரும், பாத்துக்கங்க” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

விட்டது. அதுவும் யார் வீட்டில் என்கிறீர்கள், சந்திரா அக்காவின் மாமியார் போனபோது.

அந்தக் கிழவி பக்கவாதத்தில் விழுந்து பல வருடம் கிடந்தவள். அக்காவின் புருஷன் திருப்பூரில் வேலை. பண்டிகைக்கு வருவார், போவார். தூக்கி உட்கார வைத்தது, துடைத்தது, ஊட்டியது, பீத்துணி அலசியது எல்லாம் அக்காதான். கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்கும். “இன்னொரு வாய் வாங்கிக்கங்க அத்தே, இம்புட்டுத்தான் இருக்கு” என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள். கிழவி துப்புவாள். அக்கா மறுபடியும் கெஞ்சுவாள். ஒரு நாளும் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இதைச் சத்தியமாகச் சொல்வேன்.

நீர்மாலை எடுத்து, குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, நல்ல மத்தியான வெயிலில் கிழவியை வண்டியில் ஏற்றினோம். தவமணி அண்ணன் சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். அந்த ‘டிக்’ கூட வரவில்லை. கொட்டு நின்றது. தெரு மொத்தமும் வண்டியைப் பார்த்தது.

பேட்டரி இறங்கிவிட்டது என்று நான் கத்திச் சொன்னேன். அங்கே நின்ற ஆட்டோவிலிருந்து வயர் போட்டு எடுத்துவிடலாம் என்றும் சொன்னேன். ஆட்டோக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “அண்ணே, வேற எதுன்னாலும் கேளுங்க. பொணவண்டிக்கு என் வண்டிலருந்து உசுரு குடுக்க முடியாது. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு” என்று சொல்லி, ஆட்டோவை எடுத்துக்கொண்டே போய்விட்டார். அப்போதுதான் பேச்சியம்மாள் பெரியம்மா முன்னால் வந்தாள். இறந்தவளுக்கு அவள் கூட்டாளி. தெருவில் சாவு சடங்கு எல்லாம் அவள் வாய்ச்சொல்லில்தான் நடக்கும்.

“வண்டில ஒண்ணும் கோளாறு இல்ல. அவ மனசுல கொறையோட போறா. அதான் கெளம்ப மாட்டேங்குறா” என்றாள். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். “அடியே சந்திரா, என்ன பண்ணுனியோ ஏது பண்ணுனியோ, அது ஒனக்கும் அவளுக்கும்தான் தெரியும். உள்ள ஏறி அவ கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு. நகரும்.”

பெண்கள் வழிவிட்டார்கள். ஒருத்தியாவது, ‘ஏன் பெரியம்மா, அவ என்ன செஞ்சா?’ என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. அக்கா சுற்றிலும் பார்த்தாள். அழுது வீங்கிய முகம் வெளிறிப் போயிருந்தது. வண்டிக்குள் ஏறி, அந்த விறைத்த கால்களில் தலையை வைத்து, “நான் ஏதாச்சும் கொறை வச்சிருந்தா மன்னிச்சிருங்க அத்தே” என்றாள். அதே நேரத்தில் பையன்கள் நாலைந்து பேர் பின்னால் கை கொடுத்துத் தள்ளினார்கள். எங்கள் தெரு ஆற்றை நோக்கி இறக்கம். வண்டி உருண்டது, தவமணி அண்ணன் கியரைப் போட்டு விட்டார், எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“பாத்தியா” என்றாள் பெரியம்மா. தெரு அதை நம்பியது. கிழவியைத் தத்தனேரிச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வருவதற்குள், மாமியாரைப் பட்டினி போட்டவள் என்று அக்காவுக்குப் பெயர் விழுந்துவிட்டது. குழாயடியில் அவள் குடத்துக்குப் பக்கத்தில் தன் குடத்தை வைக்கத் தயங்கினார்கள்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் கொட்டகையில் நான் நிற்கும்போது அக்கா வந்தாள். “தம்பி, அன்னைக்கு வண்டி ஏன் எடுக்கல?” என்று கேட்டாள். ஓடாத வண்டியின் பேட்டரி எப்படி இறங்கும் என்று சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். “அப்ப அத்தை என்மேல கொறையாப் போகல?” என்றாள். அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்திருந்தது, பாருங்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இல்லை அக்கா, பேட்டரிதான், பேட்டரி மட்டும்தான் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள், “ஸ்டார்ட் பண்ணாம அதுக்குச் சார்ஜ் ஏத்த முடியுமா?”

பேட்டரிக் கடைகளில் எங்கள் பேட்டரியை வாங்கவே மாட்டோம் என்றார்கள். ஊரார் பேட்டரிகளுக்கு நடுவில் இதை எப்படி வைப்பது என்று அவர்களுக்குப் பயம். கடைசியில் பழைய மதுரைச் சந்து ஒன்றில் ரஹீம் பாய், “மௌத்து யாருக்கு இல்ல? கொண்டாங்க” என்றார். பேட்டரியைச் சரிபண்ணிக் கொடுத்து, பழைய சார்ஜர் ஒன்றையும் தந்தார். அடுப்பு அளவுக்குப் பெரிய இரும்புப் பெட்டி. முகத்தில் முள் ஆடுகிற மீட்டர். மாட்டிவிட்டால் ‘ம்ம்ம்’ என்று உறுமும், அவ்வளவுதான். தெருவில் ஒருவருக்கும் கேட்காது.

அக்கா தன் வீட்டிலிருந்தே வயர் இழுத்தாள். கரண்டுக்கு ஆகிற செலவைப் பற்றிச் சங்கம் பேச்செடுத்தபோது கையை ஆட்டி நிறுத்திவிட்டாள். சிவப்பை முதலில், கறுப்பை அடுத்து, சுவிட்சு கடைசியில். எடுக்கும்போது சுவிட்சு முதலில். நெருப்பு பக்கத்தில் வரக் கூடாது. ரஹீம் பாய் எனக்குச் சொல்லித் தந்ததை நான் அவளுக்குச் சொன்னேன். நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை. முதல் தடவை மட்டும் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் விட்டு, தண்ணீர் சுண்டிக் கொதித்து, தெருவே நாறிப்போனது. அதன் பிறகு அவள் மீட்டரை மட்டும் நம்பி இருக்கவில்லை. பேட்டரியின் விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. சூடு ஏறினால் நிறுத்திவிடுவாள். முனைகளில் பூக்கிற வெள்ளைப் பொடியை வெந்நீரும் ஆப்ப சோடாவும் விட்டுக் கழுவி, துடைத்து, வாசலின் தடவுவாள். டிஸ்டில்ட் வாட்டர் கேன் அவள் வீட்டு அலமாரியில் எண்ணெய் பாட்டிலோடு நிற்கும். தானாக நிற்கிற சார்ஜர் கடைகளுக்கு வந்தபோது ஒன்று வாங்கிக் கொடுத்தேன். “தானா நிக்குமா? எனக்குத் தெரியாம நின்னு என்ன பிரயோசனம்” என்று சொல்லி, அதையும் கை வைத்துத்தான் பார்த்தாள்.

எத்தனையோ சாவு. ஒரு வீட்டிலும் வண்டி நிற்கவில்லை. திருவாதவூருக்கும் கொட்டாம்பட்டிக்கும் சொந்த ஊரில் அடக்கம் செய்ய வேண்டும் என்று கொண்டுபோனோம். அங்கே போய் எஞ்சினை அணைத்து, நிதானமாகக் காரியம் முடித்து, மறுபடி எடுத்து வந்தார் தவமணி அண்ணன். வண்டி உடனே கிளம்பினால், நிறைவாகப் போனார்கள் என்று தெரு சொல்லும். ஊரைச் சுற்றிக் கடன் வைத்தவரும், பெண்டாட்டியை அடித்தே கொன்றவரும்கூட நிறைவாகத்தான் போனார்கள். எனக்குச் சிரிப்பு வரும். அக்கா சிரித்ததில்லை.

பேச்சியம்மாள் பெரியம்மாவும் ஒருநாள் படுத்தாள். இழுத்துக்கொண்டு கிடந்தாள். அவள் மருமகள் சின்னப் பெண், எழுமலைப் பக்கத்துக்காரி, பயந்துபோய் அக்காவிடம் ஓடி வந்தாள். நானும் தவமணி அண்ணனும் கொட்டகையில் இருந்தோம்.

“அக்கா, வண்டி எடுத்துரும்ல? எடுக்கலேன்னா என்னய என்ன சொல்லுவாங்களோன்னு இருக்கு.”

“எடுத்துரும். போய் அத்தைக்குப் பால ஊத்து, போ” என்றாள் அக்கா.

அவள் போன பிறகு தவமணி அண்ணன் மெதுவாகச் சொன்னார்: “சந்திரா, ஒரே ஒரு வயரு. நான் கழட்டி விட்டுர்றேன். அந்தம்மாவுக்கும் ஒருதடவ நிக்கட்டும்.”

அக்கா சார்ஜரை மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள். “நின்னா அந்தம்மாவா அண்ணே கீழ விழும்? இந்தப் புள்ளதான விழணும்.”

மறுநாள் பெரியம்மா போனாள். சாவி தொட்டதும் வண்டி கிளம்பியது. மகராசி நிறைவாகப் போகிறாள் என்றார்கள். அந்தச் சின்னப் பெண் நிம்மதியில் வாய்விட்டு அழுதாள். அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, பின்னால் ஒருநாளும் இல்லை. பேட்டரி விஷயம் தெருவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கிழவியை ஏற்றிய அந்த மத்தியானத்தை மட்டும் யாரும் திருப்பிப் பேசத் தயாராக இல்லை.

பிறகு அந்த வண்டிக்குத் தகுதிச் சான்று கிடைக்கவில்லை. பழைய இரும்புக்குப் போனது. சங்கம் கலைந்தது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள். போன் போட்டால் குளிர்பெட்டியும் வண்டியும் வந்து நிற்கின்றன. தவமணி அண்ணனும் இல்லை.

சந்திரா அக்கா இந்த வருடம் பங்குனியில் போனாள். மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். தெருவில் பாதி வீடு வாடகைக்கு வந்தவர்கள், கதவுகள் சாத்தியிருந்தன. வாடகை வண்டி வந்தது முதல் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. குளிர்சாதனத்துக்காக அணைப்பதே இல்லையாம். அக்காவை ஏற்றினார்கள். நான் டிரைவர் பக்கம் போனேன்.

“தம்பி, ஒருதடவ ஆஃப் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்களேன்.”

அந்தப் பையன் காதிலிருந்த ஒயரை எடுத்தான். “எதுக்கு சார்?”

திரும்பித் தெருவைப் பார்த்தேன். எவளெல்லாம் அன்றைக்கு வழிவிட்டு நின்றாளோ, யார் காதில் அந்தச் சத்தம் விழவேண்டுமோ, அவர்களில் ஒருத்தி இல்லை. எல்லாரையும் அவள் சார்ஜ் போட்ட வண்டியே ஏற்கெனவே கொண்டுபோய் விட்டிருந்தது.

“ஒண்ணுமில்லப்பா. எடுங்க” என்றேன்.