கடைசிப் படகும் மாட்டுக் குறிகளும்

நெடுந்தீவுக்கு வேலையாய் வருகிற எல்லோரையும் போல நானும் ஒரு கண்ணைக் கணினியிலும் மற்றக் கண்ணைக் கடைசிப் படகிலும் வைத்திருந்தேன். மாடு வளர்ப்போர் சங்கத்தின் பழைய தரவுத்தள சேர்வரை எடுத்துவிட்டுப் புதியதைப் போடவேண்டும். தீவில் மாடுகள் கட்டில்லாமல் மேய்வதால், மாட்டின் உடம்பில் சுட்டிருக்கிற எந்தக் குறி எந்த வீட்டுக்குரியது என்ற பதிவுதான் அவர்களுக்கு எல்லாம். பதிவேடுகளைக் கறையான் அரிக்கத் தொடங்க, சங்கத்து அக்கா எட்டு மாதம் குந்தியிருந்து அத்தனையையும் கணினியில் ஏற்றியிருந்தார். வேலையைத் தொடங்கமுன் நான் அதற்கொரு பிரதி எடுத்திருக்க வேண்டும். படகு போய்விடும் என்று எடுக்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பழையதை நீக்கினேன். புதியது பாதிவழியில் நின்றது. திரும்பப் போட்டேன், திரும்பவும் நின்றது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய சேர்வரோடு பதிவுகளும் எல்லாம் போயிருக்கலாம் என்று அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். பழைய ஏடுகளைக் கேட்டேன். கறையான் தின்ற மிச்சத்தைப் போன மாதம்தான் எரித்தாராம்.

திட்டு விழும் என்று நின்றேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

“படகு போகட்டும். அது நாளைக்கும் வரும். நீர் ஆறுதலா இருந்து பாரும்.”

படகு போனது. போனபிறகுதான் எனக்கு மண்டை வேலை செய்தது. அவசரத்தில் தட்டிவிட்டுக்கொண்டிருந்த பிழைச் செய்தியை முதன்முறையாக முழுதாய் வாசித்தேன். கோப்புறை காலியாக இல்லை, அதனால் நிறுவ முடியாது என்றிருந்தது. காலியாக இல்லை! அப்படியென்றால் பதிவுகள் அதற்குள்ளேயே கிடக்கின்றன. துள்ளிக் குதிக்காத குறைதான். முதலில் அந்தக் கோப்புறையை இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்தேன். பிறகு அதை வேறிடத்துக்கு மாற்றி, சேர்வரைப் புதிதாய்ப் போட்டு, பதிவுகளை அதற்குள் கொண்டுவந்தேன்.

பொழுது சாயமுன்னம் குறிகள் வரிசையாய்த் திரையில் வந்தன. அக்கா தன் வீட்டுக் குறியைத் தேடச் சொன்னார். இருந்தது. பக்கத்து வீட்டினது, அதற்கடுத்த வீட்டினது, எல்லாம் இருந்தன. அவர் கைகொட்டிச் சிரித்தார். பிறகு கதிரையில் அமர்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

நான் பதறிப்போனேன். இவ்வளவு நேரமும் கவலையே இல்லாமல் இருந்தீர்களே அக்கா என்று கேட்டேன்.

“ஆர் சொன்னது கவலை இல்லையெண்டு? நான் அழுதால் உமக்குக் கை நடுங்கும் எண்டுதான் பேசாமல் இருந்தனான்.”