வெள்ளைக் கோட்டின் ஒற்றைப் பொத்தான்

துபாய் தேராவில் ஒரு பெரிய ஹோட்டல். அதன் அடித்தளத்து லாண்டரியில் இருபத்தாறு வருடம் இஸ்திரி போட்டவர் சிவகங்கைப் பக்கத்து உடையப்பன். அவருக்கு லெஸ்லி ஹார்ன் என்றால் உயிர். லண்டன் பாடகர். பாட்டுக்கு அர்த்தம் தெரியுமா என்றால், ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ரேடியோவில் அந்தக் குரல் வந்துவிட்டால் பக்கத்து மெஷினை நிறுத்தச் சொல்லுவார்.

“குடி கெடையாது, சிகரெட்டு கெடையாது, ஒரு வம்புதும்பு கெடையாது. அம்பது வருசமா பாடுறாரு, ஒரு பய ஒரு கொறை சொல்லியிருப்பானா?” இதைக் கேட்டுக் கேட்டு சூப்பர்வைசர் சாதிக் பாட்ஷாவுக்குக் காது புளித்துப்போனது.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் அப்படித்தான். 1983இல் முதன்முதலாக அந்த ஹோட்டலில் பாட வந்தார். அப்புறம் நாலைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு வெள்ளைக் கோட்டு கீழே வரும். காலரில் அழுக்கு இருக்காது, பையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. உடையப்பன் கைபட்டு மேலே போகும். ஆனால் அவர் பாடி உடையப்பன் நேரில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. லாண்டரி ஆட்கள் ஹால் பக்கம் தலைகாட்டக் கூடாது.

2006இல் லெஸ்லி ஹார்ன் மறுபடியும் வந்தார். உடையப்பனுக்கு அறுபது முடிந்திருந்தது. விசா புதுப்பிக்க மாட்டார்கள், அடுத்த வாரம் ஊருக்கு விமானம். அறுபத்தாறு வயதில் அவர் மேடை ஏறலாம், அறுபதில் இவர் இஸ்திரிப் பெட்டி பிடிக்கக் கூடாது. என்ன நியாயமோ! இதை விட்டால் இந்த ஜென்மத்தில் கேட்க முடியாது.

அங்கேதான் புத்தி கோணலாகப் போனது. லாண்டரியில் ஒரு வழக்கம் உண்டு. அனுப்பிய துணியில் பொத்தான் இல்லையென்று போன் வந்தால், இஸ்திரி போட்டவரே ஊசி நூலோடு மேலே ஓட வேண்டும். உடையப்பன் ஹார்னின் கோட்டிலிருந்த ஒற்றைப் பொத்தானை, பல்லால் நூலைக் கடித்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கோட்டை மேலே அனுப்பிவிட்டார். கூப்பிடுவார்கள், தைத்துக் கொடுத்துவிட்டு மேடை ஓரமாக நின்று ஒரே ஒரு பாட்டுக் கேட்டுவிடலாம் என்று நினைப்பு.

கச்சேரியன்று சாயங்காலம் ஐந்து மணியானது. ஆறானது. போன் அடிக்கவில்லை. யாரையும் குறை சொல்லிப் பழகாத மனுஷராயிற்றே, அவர் எங்கே போன் பண்ணப் போகிறார்! அது அப்போதுதான் இவருக்கு உறைத்தது.

“என்னண்ணே, ஊசியைக் கையில வச்சிக்கிட்டு முழிக்கிறீங்க?” என்றார் சாதிக் பாட்ஷா.

உடையப்பன் பொத்தானை எடுத்துக் காட்டினார்.

“அட அல்லாவே! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க! ஓடுங்கண்ணே!”

ஓடினார். மூச்சு வாங்க ஹால் வாசலுக்குப் போனால், காவலுக்கு நின்ற பாகிஸ்தான் பட்டாணியர் கையை நீட்டி மறித்தார்.

“பாய், சாப் கா பட்டன்…” என்று பொத்தானை நீட்டிக் காட்டினார் உடையப்பன்.

“ஸ்டாஃப் மாஃபி. கலாஸ். யல்லா, நீச்சே ஜாவ்!”

ஸ்டாஃபுக்கு அனுமதி இல்லை, கீழே போ என்று விரட்டினார். உடையப்பன் கெஞ்சினார். கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஆள் அசைந்து கொடுக்கவில்லை. அந்நேரம் ஒரு வெயிட்டர் தட்டோடு கதவைத் திறந்தார். உள்ளே பாட்டு. இத்தனை வருடம் ஏங்கிய குரல் நேரே வந்து காதில் விழுந்தது. உடையப்பனுக்கு அது பாட்டாகவே கேட்கவில்லை. மேடையில் லெஸ்லி ஹார்ன் இடது கையால் கோட்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி பாடிக்கொண்டிருந்தார். கையை எடுத்தபோதெல்லாம் கோட்டு விரிந்தது. கேமராக்கள் மின்னின.

“ஐயா, நாந்தேன்யா…” என்றார் உடையப்பன். கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் பயந்துகொண்டே வேலைக்குப் போனார். புகார் எதுவும் வரவில்லை. லாண்டரிக்கு ஒரு சீட்டுதான் வந்திருந்தது, லெஸ்லி ஹார்ன் கையெழுத்தோடு. சாதிக் பாட்ஷா படித்துச் சொன்னார்:

“கோட்டை ரொம்ப நல்லா தேய்ச்சிருந்தீங்களாம். நன்றின்னு எழுதியிருக்காரு.”

உடையப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.