அத்தான் காலி செய்த சுடுதண்ணீர்

என் அக்கா கல்யாணத்தில் குறை என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காலையில் குளிக்கச் சுடுதண்ணீர் கிடைக்கவில்லை. பாயசம் இரண்டாம் முறை வந்ததையோ, நாதஸ்வரக்காரர் வெளுத்து வாங்கியதையோ யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. "ஒரு வாளி சுடுதண்ணிக்கு வழியில்லாத எடத்துலயா பொண்ணெடுத்தோம்?" என்று அக்காவின் மாமியார் கூட்டத்துக்கு நடுவே கேட்டது மட்டும் நின்றுவிட்டது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற அத்தான் தன் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். தன் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாமே என்று எங்கள் வீட்டில் அவர்மேல் வருத்தம்.

ஆகவே தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வருவதற்கு முன்பே எங்கள் திருநகர் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஹீட்டர் ஏறிவிட்டது. வெள்ளை வெளேரென்று, தொப்பை வைத்து, கீழே ஒரு சிவப்பு விளக்கோடு இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா முதலில் குளியலறைக்குத்தான் கூட்டிப்போனார். திருமங்கலத்துச் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டும் சொல்லிவிட்டார்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அது மக்கர் செய்தது. விளக்கு எரிந்தது, தண்ணீர் சுடவில்லை. எங்கள் பகுதி உப்புத் தண்ணீர் அதன் வயிற்றைக் கெடுத்திருக்கும் என்று அப்பா முடிவுகட்டினார். எலக்ட்ரீசியனைக் கூப்பிடலாம் என்றால் ரோஷம் வந்துவிட்டது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மர ஸ்டூலில் ஏறி, சட்டைப்பையில் டெஸ்டருடன் வேலையில் இறங்கினார். "மெயின அமத்திட்டீங்களா?" என்று அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஃபியூஸ் மாற்றினார். எதையோ கழற்றி, சுரண்டி, திரும்ப மாட்டினார். ஒரு திருகாணி மிஞ்சியது. அதை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எல்லோரையும் அழைத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் நன்றாகவே சுட்டது.

"ஆவியே வரலயே" என்றார் அம்மா.

"சுடுதா இல்லயா, அத மட்டும் சொல்லு."

சுட்டதுதான். மதுரை வெயிலில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியில் நாளெல்லாம் காய்ந்த தண்ணீர் அந்த நேரத்துக்கு எந்தக் குழாயில் பிடித்தாலும் கையைச் சுடும். பக்கத்திலிருந்த வாஷ்பேசினைத் திறந்து பார்த்திருந்தால் போதும். அது யாருக்கும் தோன்றவில்லை. தீபாவளி வரை ஒருவரும் ஹீட்டரைத் தொடக்கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். எதற்கும் இருக்கட்டும், அடுப்பில் ஒரு அண்டா வைக்கிறேன் என்ற அம்மாவிடம் நாள் முழுக்கப் பேசவில்லை.

அத்தானும் அக்காவும் வந்த ராத்திரி பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. இருட்டு பிரியுமுன் அத்தானை மனையில் உட்காரவைத்து அம்மா எண்ணெய் தேய்த்தார். அப்பா சிவப்பு விளக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, "போங்க மாப்ள, எம்புட்டு வேணும்னாலும் ஊத்திக் குளிங்க" என்று கதவைத் திறந்துவிட்டார். உள்ளே முதல் சொம்பு விழுந்தது. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்பா துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு கதவோரமே நின்றார். அதன் பிறகு தண்ணீர் கடகடவென்று விழுந்தது.

வெளியே வந்த அத்தானுக்கு உதடு வெளுத்திருந்தது.

"தண்ணி எப்படி மாப்ள?"

"சரியான சூடு மாமா. பச்சத்தண்ணி கலந்துதான் குளிச்சேன்."

அப்பாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்று குனிந்த தலை அன்றுதான் நிமிர்ந்தது. அடுத்து அக்கா போனாள். கண் சிவக்க வெளியே வந்து, அத்தானை ஒரு பார்வை பார்த்து, சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டது என்றாள்.

மூன்றாவது நான். நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு முதல் சொம்பிலேயே உயிர் போய்த் திரும்பியது. அக்கா சிக்கனக்காரி, ஆகவே குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. "அத்தான் எல்லாச் சுடுதண்ணியவும் காலி பண்ணிட்டாரு!" என்று உள்ளிருந்தே கத்தினேன். வெளியே எல்லோரும் சிரித்தார்கள். "தப்புதான் பாப்பா, மன்னிச்சுரு" என்று அத்தான் குரல் கேட்டது. அப்பா சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும்.

பிறகு அப்பா குளிக்கப் போனார். அவர் வெளியே வர வெகுநேரமாயிற்று. வந்தவர் ஹீட்டர் சுவிட்சை அணைத்தார். ஹீட்டருக்குள் தண்ணீரைச் சுடவைக்கும் காயில் கம்பி எப்போதோ கருகிப்போயிருந்ததை நாங்கள் அடுத்த வாரம்தான் அறிந்தோம்.

காலை இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. நல்லி எலும்பு எங்கள் வீட்டில் என்றைக்கும் எனக்குத்தான். பரிமாற வந்த அம்மாவின் கையிலிருந்து அப்பா கரண்டியை வாங்கினார். குழம்பைத் துழாவி, அந்த நல்லியை எடுத்து, குனிந்து அத்தான் இலையில் வைத்தார். "சாப்புடுங்க மாப்ள" என்றார். அத்தான் தலை நிமிரவில்லை.

நான் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டேன். வீட்டுச் சுடுதண்ணீர் முழுவதையும் தீர்த்தவருக்கு நல்லி எலும்பையும் தூக்கிக் கொடுக்க அப்பாவுக்கு எப்படி மனசு வந்தது என்று எனக்கு அன்று புரியவேயில்லை.